அப்பாவுக்கு ஆறு, மாமாவுக்குப் பூஜ்யம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே ஒருத்தியைத் தவிர அனைவரும் சுகம். அங்கே நீ சுகமாகத்தான் இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஆகையால் விசாரிக்கவில்லை. முதல்முறை வந்தபோது நீ கட்டிய பலூன் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில் ஆடிக்கொண்டிருக்கிறது. மிக்க நன்றி. எப்போது காற்று இறங்கும் என்று நானும் தினமும் பார்க்கிறேன்.

நிற்க. என்று எழுதிவிட்டேனே தவிர, நிற்பதுதான் இங்கே பெரும்பாடாக இருக்கிறது. சைக்கிளின் பக்கத்துச் சின்னச் சக்கரம் இரண்டையும் கழற்றாதே, என் மகளுக்கு ஏழு வயதுதான் ஆகிறது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "விடுங்க மச்சான், மாமா வாங்கிக் குடுத்த சைக்கிள், மாமாவே கழற்றுறேன்" என்று நீ கழற்றினாய். நம் வாலு போய்க் கேட்டில் மோதித் தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். தகடு வைத்து ஆபரேஷன். கையெழுத்துப் போட்டவன் நான், ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்தபடி நின்று கால் மரத்துப்போனவன் நான், படுக்கையிலேயே மூத்திரச் சட்டி வைத்து எடுப்பவன் நான். எல்லாம் முடிந்த பிறகு பலூனோடு வந்தவன் நீ. இதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சும்மா தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆஸ்பத்திரியில் ஜுரத்தைப் போலவே வலியையும் அளக்கிறார்கள். அதற்கு ஒரு அட்டை. அதில் வரிசையாக முகங்கள். பூஜ்யம் என்றால் பல் தெரியச் சிரிக்கிற முகம், பத்து என்றால் ஓவென்று அழுகிற முகம், நடுவில் படிப்படியாகக் கோணிக்கொண்டு போகிறது. நர்சம்மா வந்து, "கண்ணு, இப்ப உன் வலி எந்த முகம்?" என்று கேட்பார்; குழந்தை விரல் வைக்க வேண்டும். கடைக்குக் கடை போய்த் தராசு சோதிப்பது என் உத்தியோகம் என்பது உனக்குத் தெரியும். அதனால் முதல்நாளே அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பூஜ்யம் முகம் மட்டும் அச்சு அசல் உன்னைப் போலவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பக்கத்தில் உட்கார்ந்து தலைகோதிக்கொண்டிருக்கும்போது கேட்டார்கள். ஆறு. நீ வந்தாய். உன் போட்டோ ஸ்டுடியோவில் ஊரார் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கக் காட்டுவாயே, மூக்கைச் சுருக்கிக் காதை ஆட்டுகிற வித்தை, அதைக் காட்டினாய். மறுபடி கேட்டார்கள். பூஜ்யம்! நர்சம்மா வாயைப் பிளந்து, "சார் கைராசிக்காரர் போல" என்றார். நீ வெட்கப்படுவது மாதிரி நடித்தாய். நீ வெளியே போய்க் கதவு மூடவில்லை, திரும்ப ஆறு. அப்படியானால் என்ன அர்த்தம்? மகளுக்கு அப்பன்தான் நோய், மாமன்தான் மருந்து என்று ஊரறிய எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிட்டதா இல்லையா? எனக்கு வயிறெரிந்தது, மச்சான். மறைப்பானேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. மூக்கைச் சுருக்கினேன், தும்மல்தான் வந்தது. காது அசைய மாட்டேன் என்றது, கையால் பிடித்து ஆட்டினேன். அவள் பயந்துபோய், "அப்பா, உங்களுக்கு என்னாச்சு?" என்றாள். கடைசியில் வெட்கத்தைவிட்டுக் கேட்டேவிட்டேன். "தங்கம், நர்சம்மா கேட்டா அப்பாவுக்காக ஒரு ரெண்டு சொல்லேன்."

"ஆறு வலிக்குதுப்பா."

"சரி, நாலு?"

அவள் யோசிக்கத் தொடங்கும்போதே பின்னாலிருந்து நர்சம்மா குரல். "சார்! இது என்ன காய்கறிக் கடையா? அவ சொல்ற நம்பரைப் பார்த்துத்தான் மருந்தே குடுக்கறோம். இனிமே இப்படிப் பேரம் பேசினீங்கன்னா உங்களை வார்டுக்குள்ளயே விடமாட்டேன்."

தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிற கடைக்காரனை நான் என்ன திட்டு திட்டுவேனோ, அதே திட்டை அந்தம்மாவிடம் வாங்கிக்கொண்டு நின்றேன். இதுவும் உன்னால்தான்.

புதன்கிழமை மத்தியானம் நீ மறுபடி வந்தாயே, அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. நீ இருக்கும்போது நர்சம்மா கேட்டார், பூஜ்யம் என்றாள். நடைப்பயிற்சிக்கு முன்னால் வலிக்கு மருந்து தரட்டுமா என்றார், வேண்டாமென்று தலையாட்டினாள். நீயும், "என் சிங்கக்குட்டிக்கு எதுக்கு மருந்து" என்றாய். நீ போன கொஞ்ச நேரத்தில், நடக்கப் பழக்குகிற பிசியோ அம்மா வந்தார். வலி எவ்வளவு என்று வாய் சொல்வதை விட்டுவிட்டு, உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பவர் அவர்: தானே புரள்கிறாளா, உட்காருகிறாளா, நிற்கிறாளா, எவ்வளவு தூரம் போகிறாள். கம்பிச் சட்டத்தைப் பிடிக்க வைத்து நிறுத்தினால், காலைத் தரையில் வைத்த மாத்திரத்தில் வீறிட்டாள் பாரு! என் சட்டையைப் பிடிச்சுத் தொங்கறா, "வேணாம்பா, வேணாம்பா"ங்கறா. பிசியோ அம்மா என்னைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்களேன். அப்பா இருந்தா பசங்க ரொம்பச் சிணுங்குவாங்க" என்றார். பெத்தவனை வெளியே போகச் சொல்லிட்டாங்க, மச்சான்! திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்னு உன்னை நினைச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்போதுதான் நர்சம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டது காதில் விழுந்தது.

"கண்ணு, மாமா இருக்கறப்போ வலிக்கலைன்னியே?"

"வலிச்சுது."

"அப்புறம் ஏன் சிரிச்ச மூஞ்சியைக் காட்டினே?"

"மாமா வந்தா சிரிக்கணும்ல. இல்லைன்னா போட்டோ கெட்டுப்போயிடும்."

"அப்போ அப்பாகிட்ட?"

"அப்பா போட்டோ எடுக்கமாட்டாரே. அவர்கிட்ட எப்படி இருந்தாலும் பரவால்ல."

நான் திரைச்சீலையைப் பிடிச்சு நின்னுக்கிட்டே அழுதேன். துடைச்சது அந்தச் சீலையிலதான். யார்கிட்டயும் சொல்லாதே.

பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்தபடி கவனித்த பிசியோ அம்மாவும் சொன்னார்: நீ இருந்த நேரம் முழுக்க அவள் அந்தக் காலை அசைக்கவே இல்லையாம், படத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாளாம். அவருக்கு அப்போதே சந்தேகமாம். அன்றிலிருந்து முறையே மாறிவிட்டது. பார்க்க வந்தவர்கள் போன பிறகுதான் அட்டையைக் காட்டுகிறார்கள். மருந்து கொடுத்து, அது வேலைசெய்யக் காத்திருந்து, அதன் பிறகே நடக்க வைக்கிறார்கள். என்னையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இன்று காலை என் மகள் ஜன்னல் வரைக்கும் நடந்தாள். போகும்போதும் வரும்போதும் என்னைத்தான் திட்டினாள். "எல்லாம் உங்களாலதான், தள்ளிப் போங்கப்பா, ஐயோ விட்டுடாதீங்கப்பா!" ஒவ்வொரு திட்டும் தேனாக இருந்தது. பிசியோ அம்மா கைதட்டினார். நான் வார்டையே ஒருமுறை சுற்றிப் பார்த்தேன், எத்தனை பேர் கவனித்தார்கள் என்று.

ஆகவே மச்சான், இதனால் தெரிவிப்பது என்னவென்றால், உனக்குக் கிடைத்த பூஜ்யம் பூஜ்யமே தவிர வேறில்லை. எனக்குக் கிடைத்த ஆறுதான் முத்திரை குத்தின சரியான எடை. பெற்றவனிடம் மட்டும்தான் பிள்ளை உண்மை பேசும். அவள் வீடு திரும்பும்வரை நீ இந்தப் பக்கம் வர வேண்டாம். கட்டாயம் வந்தே ஆக வேண்டுமென்றால் காதை ஆட்டாமல் வந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து, என்னை யார் என்ன திட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

உன் ஸ்டுடியோ செழிக்கட்டும். சீக்கிரமே உனக்கு நல்ல பெண் அமையட்டும். பிள்ளை பிறக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு உன்னைப் போலவே ஒரு தாய்மாமன் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
உன் அக்காவின் கணவன், வாலுவின் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உன் அக்கா வந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். "ஆறுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றாள். நான் டீ குடிக்கப் போயிருந்தபோது கட்டு மாற்றினார்களாம். நர்சம்மா அட்டையை நீட்ட, வாலு பத்தையும் தாண்டி விரலைக் கொண்டுபோய், அட்டைக்கு வெளியே, உன் அக்காவின் கைமேல் வைத்தாளாம். "அதுக்கு நம்பரே இல்லைங்க" என்று உன் அக்கா சொல்லிவிட்டு, தலையைச் சிலுப்பிக்கொண்டு மகள் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். மகளும் தூக்கத்திலேயே அவள் பக்கம் திரும்பிக்கொண்டாள், தானாகவே புரண்டு. இங்கே எனக்கு உட்காரக்கூட இடமில்லை. மச்சான், மேலே எழுதினது எதையும் மனசில வெச்சுக்காதே. நாளைக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேரு. அந்தக் காது ஆட்டற வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு.