லித்துவேனிய நாடகத்துக்கு நான் போர்த்திய பொன்னாடை

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. மேடையில் ஒரு பெரிய மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டால் என் கை பொன்னாடையைத் தேடும். ஸ்காபரோவில் பன்னிரண்டு வருடம் தமிழ் நாடகக் குழுவில் இருந்ததில் வந்து ஒட்டிக்கொண்டது.

சில வருடங்களுக்கு முன் லித்துவேனியாவிலிருந்து ஒரு நெறியாளர் தன் நாடகத்தோடு டொரோண்டோவுக்கு வந்தார். நான் அவர் மேல் பைத்தியமாக இருந்தேன். மூடிப்போன பால் தொழிற்சாலையில் முதல் நாடகம் போட்டது, சனத்தை மேடையில் இருத்தி நடிகர்களைப் பார்வையாளர் கதிரைகளில் இருத்தியதற்காக அரச அரங்கிலிருந்து துரத்தப்பட்டது, அதே அரங்கு பிறகு கெஞ்சிக் கூப்பிட்டது என்று அவருடைய வரலாறு முழுவதும் எனக்கு மனப்பாடம். (என் கணவரின் பிறந்தநாள் மட்டும் அடிக்கடி மறந்துபோகும்.) டொரோண்டோவில் பத்துப் பேரைத் தேர்ந்து நாடகப் பட்டறை நடத்தப்போகிறார் என்று அறிந்ததும் விண்ணப்பித்தேன். நாடகம் முடிந்ததும் முடிவு சொல்வார்கள். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் குழுத் தலைவர் பாலா அண்ணைக்கு வேறு கவலை. "வெறுங்கையோட போறதோ? அந்த மனிசன் எங்கட ஆக்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்று அகலச் சரிகை வைத்த பொன்னாடை ஒன்றை வாங்கி வந்தார். நான் ஆங்கிலத்தில் இரண்டு பக்க வாழ்த்துரை எழுதினேன்.

"அம்மா, ப்ளீஸ். இது தமிழ் ஃபங்ஷன் இல்லை," என்றாள் மகள் ஆரணி. இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட்ட ஒரு கிழவரின் கதை. கிழவர் மேடைக்கே வரவில்லை. பிள்ளைகள்தான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது திடீரென்று மண்டபத்து விளக்குகள் எல்லாம் எரிந்தன. தாடி வைத்த ஒருவர் வந்து நடு மேடையில் ஒரு கதிரையில் இருந்து எங்களையே பார்த்தார். ஒரு வசனமும் பேசவில்லை. படங்களில் நெறியாளருக்கும் அதே தாடி.

"முடிஞ்சுது பிள்ளை," என்று பாலா அண்ணை காதுக்குள் சொன்னார். "நெறியாளர் வந்து இருக்கிறார், ஒருத்தரும் போகினமில்லை. எழும்பு, வேற ஆரும் முந்தப்போகினம்."

ஆரணி என் சேலையைப் பிடித்து, "அம்மா, வெயிட்," என்றாள். உருவிக்கொண்டு போனேன்.

ஏறினேன். போர்த்தினேன். இரண்டு பக்கத்தையும் பால் தொழிற்சாலை உட்பட ஒரு வரி விடாமல் வாசித்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. என் ஆங்கிலம் அவ்வளவு உருக்கம் என்று எனக்கே அன்றுதான் தெரியும். பாலா அண்ணை தனியாகக் கைதட்டினார். நான் தேர்தலில் வென்றவள் மாதிரி இறங்கி வந்தேன்.

மண்டபத்து விளக்குகள் அணைந்தன. பிள்ளைகளாக நடித்தவர்கள் ஓடி வந்து அந்தக் கதிரையின் காலடியில் விழுந்து கதறினார்கள். மேலே திரையில் ஆங்கிலத்தில் வசனம் வந்தது: "ஒருவரும் வரவில்லை. கடைசிவரை ஒருவரும் வரவில்லை." கிழவரின் தோளில் சரிகை பளபளத்தது.

முதலில் யாரோ ஒருவர் செருமினார். பிறகு மண்டபமே சிரித்தது. மகளாக நடித்த பெண் பொன்னாடைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். (அழுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

வாசலில் உண்மையான நெறியாளர் என்னைத் தேடி வந்தார். தாடியைப் போன வருடமே எடுத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினார். மொழிபெயர்ப்பாளர் மூச்சு வாங்கினார்.

"பதினாறு நகரங்கள். எல்லா இடத்திலும் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். எழுந்து வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படியென்றால் பட்டறைக்கு..." என்று இழுத்தேன்.

"இல்லை," என்று சிரித்தார். "மனிதர்கள் வரமாட்டார்கள் என்பதைத்தான் நான் படிப்பிக்கிறேன். உங்களை வகுப்பில் வைத்துக்கொண்டு எதைப் படிப்பிப்பது?"

காரில் எங்கள் வீட்டுப் பக்கம் மில்லிக்கன் வரும்வரை அழுதேன். எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய பாராட்டு அதுதான் என்று உறைக்க ஒரு வாரம் எடுத்தது. உறைத்த அன்று அலுவலகத்தில் தனியாகச் சிரித்து மனேஜரைப் பயப்படுத்தினேன்.

இப்போதும் கோயிலில் ஐயர் மந்திரத்தை நிறுத்தி மூச்சு விட்டால், ஆரணி என் மணிக்கட்டைப் பிடிப்பாள். "அம்மா, இருங்கோ. இன்னும் முடியேல்லை." போன மாதம் பாலா அண்ணையின் அறுபதாவது பிறந்தநாள் விழாவில், அவர் பேச்சை இடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.