K-யில் தொடங்கி n-இல் முடிகிறவன்

"ஒண்ணும் வரலியே அண்ணாத்த," என்றான் உடன் வேலை பார்க்கும் நிதின், பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து.

தமிழ்வாணன் திரையையே வெறித்தான். கேளம்பாக்கத்தில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன் என்பதால், செங்கல்பட்டுப் பள்ளியின் பழைய மாணவர் சங்கம், சந்திப்புக்கு அழைப்பு அனுப்பும் பொறுப்பை அவனிடம் தந்திருந்தது. அவர்கள் தந்த மாணவர் பட்டியலில் அவன் தேடியது ஒரே ஒரு பேரைத்தான்: காத்தவராயன்.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே மாமல்லபுரம் சுற்றுலா. அலை அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. கண் விழித்தபோது மணலில் கிடந்தான், வாயெல்லாம் உப்பு. "காத்தவராயன்தான் இழுத்துகினு வந்துச்சு" என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அப்பாவுக்கு மதுராந்தகத்துக்கு மாற்றல். நன்றி சொல்லவே வாய்க்கவில்லை. இன்றும் கடலைப் பார்த்தால் அந்தப் பேர்தான் நெஞ்சில் வந்து நிற்கும்.

"இங்கிலீஷ்ல ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியிருப்பாங்க. ரெகெக்ஸ் போட்டு, எழுத்து அமைப்ப வெச்சுத் தேடுனா மாட்டிக்குவான்," என்றான் தமிழ்வாணன்.

K-யில் தொடங்கணும், n-இல் முடியணும், நடுவில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படித் தேடி, வந்த எல்லோருக்கும் செய்தி போனது: "கடலிலிருந்து என்னைக் காப்பாற்றிய உன்னை மறக்கவில்லை. ஞாயிறன்று மாமல்லபுரம் கடற்கரைக்கு வா. சாப்பாடு என் பொறுப்பு."

முதலில் கூப்பிட்டவர் ஒரு கார்த்திகேயன். "எனக்கு நீச்சலே தெரியாதேப்பா. இருந்தாலும் வரேன்."

அடுத்து ஒரு கண்ணன். "பிரியாணியா, சாப்பாடா?"

தமிழ்வாணன் யோசித்தான். K-க்குப் பதில் G என்று எழுதியிருந்தால்? n-க்குப் பிறகு இனிஷியல் வந்திருந்தால்? இரண்டு முனையையும் தளர்த்திவிட்டான்.

"எத்தினி பேருன்னு ஒருவாட்டி பாத்துட்டு..." என்று நிதின் சொல்வதற்குள் செய்தி போய்விட்டது.

பேரில் எங்காவது ஒரு n இருந்தவர்கள் அத்தனை பேருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் பாதிப் பள்ளிக்கூடம் நின்றது. நரைத்த தலைகள் பட்டப்பேர் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டன. யாரோ பழைய வாத்தியார் போலப் பேசிக் காட்ட, பெண்கள் மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிரியாணி தீர்ந்து, இன்னொரு அண்டா வந்து, அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது. தமிழ்வாணன் ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்து அலுத்தான்.

சங்கச் செயலாளர் ராமதாஸின் மைக்கை வாங்கினான்.

"என்னால உங்க எல்லாருக்கும் பேஜாரு. நான் தேடுனது ஒரே ஒரு ஆளத்தான். காத்தவராயன் வந்துகீறானா?"

கூட்டம் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது.

கடைசி வரிசையில், கடலோரக் குப்பத்துச் செங்கம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாந்தான்பா. ஸ்கூல் நாடகத்துல அந்த வேஷம் கட்டுனதுலேர்ந்து எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்டுவாங்க."