ஒரு காதில் மட்டும் பாடிய பெட்டி

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கு ஒரு குணம் உண்டு. தங்கச்சி எதைக் கேட்டாளோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வாங்கி அனுப்புவார்கள். நான் கேட்டது செல்போன். இரண்டாயிரத்து எட்டில் என் அண்ணன் துபாயிலிருந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம், சோப்புக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தனுப்பியது ஒரு எம்பி ஃபோர் பிளேயர். பொம்பளைப் பிள்ளைக்குப் போன் எதற்கு, பாட்டுக் கேட்டால் போதும் என்று உபதேசம் வேறு. (அந்த உபதேசத்தையும் அவன் போனில்தான் செய்தான்.) இதை எழுத உட்கார்ந்ததும் பழைய கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. படமும் பார்க்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. பார்த்தேன். கதாநாயகி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரிந்துகொள்ள மூக்கைத் திரையில் இடிக்க வேண்டியிருந்தது. இருந்ததே இரண்டு பொத்தான்கள். லேசாக அமுக்கினால் அடுத்த பாட்டு, கொஞ்சம் அழுத்தினால் சத்தம், இன்னும் அழுத்தினால் மொத்தமாக அணைந்துவிடும். எது லேசு, எது கொஞ்சம் என்று சொல்ல வேண்டிய புத்தகம் முழுக்கச் சீன மொழியில் இருந்தது. சார்ஜ் ஏற்றலாம் என்றால் கரன்ட் இருக்காது. கரன்ட் வந்த நேரத்தில் அம்மா என் ஒயரைப் பிடுங்கிவிட்டு கிரைண்டரைச் சொருகுவார்.

பாட்டு ஏற்றித் தரும்படி கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தேன். எனக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் ஒரு தாளில் அழகாக எழுதியும் கொடுத்தேன். அந்தப் பையன் தாளை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தான். பாதி குத்துப் பாட்டு. பாதி பக்திப் பாட்டு. நடுநடுவே ஒருவர் வந்து "ஹௌ டூ யூ டூ" என்று கேட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் பாடம் நடத்தினார். அவரை அழிக்க முயன்றபோதெல்லாம் வேறு ஏதாவது அழிந்தது. கடைசிவரை அவர் அழியவில்லை.

இதற்கெல்லாம் மேலாக, ஒரு வாரத்துக்குள் இயர்போனின் இடது பக்கம் செத்துப்போனது. நான் அப்போது கம்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். செத்த ஒயரைக் கூந்தலுக்குள் சொருகிவிட்டு, பெட்டியைச் சேலைத் தோள் மடிப்பில் கிளிப் போட்டு மாட்டி, வலது காதில் மட்டும் ஒயரை வைத்துக்கொண்டு போனேன். சரியாகக் கேட்காததால் காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வேன். கண்ணாடியில் பார்த்தபோது ஸ்டைலாகத்தான் தெரிந்தது. (அந்தக் கண்ணாடியின்மீதும் எனக்குக் கோபம் உண்டு.)

அந்தச் சமயத்தில் எனக்குப் பெரியகுளத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. போட்டோ கொடுத்திருந்தார்கள். "பாக்கலாம்" என்று அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, போட்டோவை ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. இந்த வரன் தட்டிப்போகக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது ஒருவர் யாரிடமும் சொல்லாமல் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார். கோயிலிலோ, ரேஷன் கடையிலோ, பஸ்ஸிலோ. மாடு வாங்குகிறவர்கூட மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பெண்ணுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

எனக்கு வந்து வாய்த்தவர் மாப்பிள்ளையின் அத்தை. சாயங்கால பஸ்ஸில், மடியில் ஒரு பை திராட்சையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரோ என்று நினைத்தேன். பெட்டியில் குத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. டவுன் பஸ் பெண்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? முந்தின வண்டியில் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னேன். அவர் கேட்டது வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

"கல்யாணம் ஆயிருச்சாத்தா?"

"இல்ல, ஒரே கூட்டமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

என் காதுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் நான் பேசியது டிரைவர்வரைக்கும் கேட்டிருக்கிறது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சத்தத்தைக் குறைக்கப் பொத்தானை அமுக்கினேன். வழக்கம்போல் கூடியது. மறுபடியும் அமுக்கினேன். அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், நான் காதைப் பொத்துவதைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தடவிவிட்டு, மடிப் பையிலிருந்து ஒரு கொத்துத் திராட்சையை எடுத்து என் கையில் வைத்தார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்து, வீடு வருவதற்குள் தின்று முடித்தேன்.

ரெண்டு நாளில் தரகர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைக்குக் காது கேட்காதென்றும், தோளில் மிஷின் மாட்டிக்கொண்டுதான் வேலைக்கே போகிறாள் என்றும், இதை நாங்கள் மறைத்துவிட்டோம் என்றும் பெரியகுளத்தில் வருத்தப்பட்டார்களாம். அம்மா அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு, அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் அறைக்குள் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ்காரரிடமிருந்து தப்பிக்கப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா மூன்று தடவை கூப்பிட்டாராம். பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் வந்து நின்று, "ஆத்தா, உண்மையச் சொல்லு, எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டு அழுதார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை அரிசி டிரம்முக்குள் எறிந்தேன். காது கேட்காவிட்டால்தான் என்ன? அப்படிப்பட்ட பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லையா, பிள்ளை வளர்க்கவில்லையா? கன்னத்தைத் தடவிவிட்டுப் போனவருக்கு, வாயைத் திறந்து என்னிடம் நேராகக் கேட்க என்ன கேடு? இதில் கோபம் பாதி, அழுகை பாதி. அறிவியல் புத்தகத்துக்குள் இருந்தவர் கை நழுவிப் போகிறார் என்ற அழுகை.

அது பாட்டுக் கேட்கும் பெட்டிதான் என்று தரகரிடம் சொல்லியனுப்பினோம். பெண் வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று அங்கே சிரித்திருக்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளை, போய்ப் பார்த்துவிட்டே வரலாம் என்று பிடிவாதம் பிடித்தாராம். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையும் அத்தையும் நாற்காலியில். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவோடு பாயில். அவருடைய குரல் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரின் நிறம், ஜன்னலின் திசை, எங்கள் ஊர் ரோடு என்று எதையும் விடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பாயில் இருந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது என் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்தது. அத்தையின் வேலை. இப்படி ஏதாவது செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்திருந்தால் அத்தோடு பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் வந்த கோபம் கழுத்தைத் திரும்ப விடவில்லை. பரீட்சை வைக்கிறார்களா, வைத்துக்கொள்ளட்டும் என்று கல் மாதிரி நின்றேன். தட்டு சுழன்று சுழன்று என் காலடியில் வந்து அடங்கியது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். (என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக முட்டாள்தனமான முடிவு அதுதான்.)

வீடே அமைதியாகிவிட்ட அந்த நேரத்தில் மாப்பிள்ளை தன் அத்தையின் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். எனக்கு நன்றாகவே கேட்டது. அடக்க முயன்றும் முடியாமல் சிரித்துவிட்டேன்.

அவருடைய அம்மா எழுந்து வந்தார். "என்னத்துக்குச் சிரிச்ச? காது கேக்குதுன்னா, அவன் என்ன சொன்னான்னு இங்கன எல்லாருக்கும் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று மாப்பிள்ளை கண்ணாலேயே கெஞ்சினார். சொல்லாவிட்டால் நான் காது கேளாதவள், வரன் போயிற்று. சொன்னால் அவர் தொலைந்தார், அப்போதும் வரன் போயிற்று. எனக்கோ அந்த ஒரு வாரமாக எல்லோர்மீதும் கோபம். ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னேன்.

"'காது கேக்காட்டிப் போகுது அத்தே. எங்க அம்மா பேசுற பேச்சுக்கு இந்த மாதிரிப் பிள்ளைதான் நம்ம வீட்டுல நிலைச்சு நிக்கும்'னு சொன்னாக."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயில் போய் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"பிள்ளைக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றார். "தேதியப் பாருங்க. இவன வீட்டுல போயி நான் பாத்துக்கிறேன்."

கல்யாணத்துக்கு அண்ணன் துபாயிலிருந்து வந்தான். இந்தத் தடவையாவது செல்போன் கொண்டுவருவான் என்று நினைத்தேன். டார்ச் லைட் கொண்டுவந்தான். அரிசி டிரம்மிலிருந்து எடுத்த பெட்டி அதற்குப் பிறகு பாடவேயில்லை. ஆனால் பொத்தானை அமுக்கினால் அந்த "ஹௌ டூ யூ டூ" மட்டும் கொஞ்ச நாள் கேட்டது.

என் மாமியாருக்கு இப்போது வயதாகிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. சாம்பாரில் புளி அதிகம் என்று தொடங்கி என் வம்சத்தில் முடிப்பார். முடித்ததும் வீட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்பிக் காத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

"கேட்டுச்சுல்ல?" என்பார் மாமியார். "எங்க, திருப்பிச் சொல்லு."