பெண் பார்க்க வந்த நாளில் பூத்த பூ

கவலைப்படுகிறவன் கையில் செல்போனைக் கொடுக்கக் கூடாது. அதிலும் என்னைப் போல எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கையில் கொடுக்கவே கூடாது. படித்தவன் பாதியை நம்புவான். நான் நடுவில் வருகிற விளம்பரத்தையும் சேர்த்து நம்புவேன்.

சில வருடங்களுக்கு முன்னால் சங்கரன்கோவிலில் ஐப்பசி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. (எங்கள் ஊர் மழை கூப்பிட்டால் வராது, கூப்பிடாமல் வந்தால் அடுப்படி வரைக்கும் வரும்.) வாசலில் நின்ற பிச்சிக்கொடி பழுத்துப் போனது. செல்போனில் ஒருவர், "இனிமேல் தண்ணீர் கேட்கிற செடியை வளர்க்கிறவன் முட்டாள்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அரிவாளை எடுத்தேன்.

"மழை பிந்திட்டுன்னு யாராவது பிச்சிய வெட்டுவாவளா?" என்று என் மனைவி செண்பகம் கத்தினாள்.

"ஏட்டி, உலகமே காயப் போவுது. ஒனக்குப் பூ கேக்கோ?"

வெட்டியாயிற்று. பதிலுக்கு எதை வைப்பது? முருங்கை வைத்தால் கம்பளிப்பூச்சி. தாழை வைத்தால் பாம்பு வரும் என்பார்கள். (பாம்புக்குப் பயந்து புற்றுமண் பூசிக்கொள்ள எங்கள் கோவிலுக்கு ஊர் ஊரிலிருந்து வருகிறார்கள், நான் உள்ளூரிலேயே இருந்துகொண்டு பயப்படுகிறேன்.) முள்ளுக்கள்ளி வாசலில் நின்றால் குடும்பத்துக்கு ஆகாது. கடைசியில் கடையநல்லூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் முள் இல்லாத, விரல் விரலாக நிற்கிற ஒரு செடியைப் பார்த்தேன்.

"மாசத்துக்கு ஒருக்கா தண்ணி காட்டுனாப் போதும் அண்ணாச்சி. நட்சத்திரம் மாதிரி கை அகலத்துக்குப் பூக்கும்."

"வாசம் எப்படி இருக்கும்?"

"பூக்கையில தெரியும்" என்றார் நர்சரிக்காரர். பொய் சொல்லாத மனிதர்.

அடுத்த ஆவணியில் என் மகள் கோமதியைப் பெண் பார்க்கக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வருவதாக இருந்தது. பையனின் போட்டோவைக் காட்டியபோது "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். ஆனால் போட்டோவைத் திருப்பித் தரவில்லை. அப்படியென்றால் இந்த இடம் தட்டிப் போகக் கூடாது என்று அர்த்தம்.

அன்று காலையில் வாசல் தொட்டியில் நின்ற அந்தச் செடியில் பலூன் மாதிரி ஒரு மொட்டு. வருகிறவர்கள் விவசாயக் குடும்பம். தண்ணீர் கேட்காத செடியைக் கண்டால் நம்மை மதிப்பார்கள் என்று தொட்டியைத் தூக்கிவந்து, பையனின் அம்மா உட்காரப் போகிற நாற்காலி பக்கத்திலேயே வைத்தேன்.

அவர்கள் வந்து உட்காரவும் மொட்டு விரிந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் ஏதோ செத்து நாறியது.

கேசரியை யாரும் தொடவில்லை. பையனின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பிரிட்ஜை நகர்த்தினேன், பீரோவுக்கு அடியில் குனிந்தேன், பட்டுவேட்டியோடு ஸ்டூலில் ஏறிப் பரணுக்குள் தலையை விட்டேன்.

"எலிதான்! இப்ப எடுத்துருதேன்!" என்று பரணுக்குள்ளிருந்து கத்தினேன்.

பையனின் அப்பா எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பொணவாடை. சகுனம் சரியில்ல. எந்திரிங்க, போவோம்."

காபித் தட்டோடு வந்த கோமதி நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள். தொட்டியைச் சுற்றி ஈ மொய்ப்பதைப் பார்த்துக் குனிந்து மோந்தாள்.

"அப்பா, கீழ எறங்குங்க. எலி இல்ல. ஒங்க பூவுதான்."

பையனின் அம்மாவும் குனிந்து மோந்து, துள்ளி விலகினார். "ஆத்தாடி! அண்ணாச்சி, இதத் தேடிப் போயா வாங்குனிய?"

"பருவநிலை மாறுதுல்லா தங்கச்சி... இது தண்ணியே கேக்காது" என்றேன், தலையில் ஒட்டடையோடு.

"தண்ணி கேக்காது, சரி. வந்தவுகள எந்திரிச்சுப் போகச் சொல்லுதே!"

பையன்தான் முதலில் சிரித்தான். பிறகு கோமதி. அவன் அப்பா வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அந்த அம்மா கோமதியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "பொண்ணுக்கு மூக்கு வேல செய்யுது. அது போதும்" என்றார்.

நிச்சயத்தன்று பெரியவர்கள் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: பூ வாங்குகிற சோலியில் பெண்ணின் அப்பா தலையிடக் கூடாது. வெளியூர்க்காரனெல்லாம் வந்து பூ வாங்கிப் போகிற சங்கரன்கோவிலில், பெற்ற மகள் கல்யாணத்துக்குப் பூச்சந்தைக்குப் போக அனுமதி இல்லாத ஒரே தகப்பன் நான்தான்.

நிபந்தனை இன்னும் அமலில் இருக்கிறது. போன மாதம் பேரனுக்குக் காதுகுத்து. எனக்குக் கொடுத்த வேலை வாசலில் வாழைமரம் கட்டுவது. கட்டி முடித்தேன். சம்பந்தியம்மா வந்தார், குலைக்குக் கிட்டே போய் மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.