கடலுக்குப் போக மறுத்த அப்பா

ஆறு கடலைத்தான் போய்ச் சேரும் என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்கு வாய்த்தது கிணறு. அது வெட்டிய இடத்திலேயே இருக்கும். (நம்பிக்கையான சாமான்.)

அப்பா காலமானபோது அக்கா ரொறொன்ரோவில், அண்ணன் லண்டனில். கொழும்பில், வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அஸ்தியைக் கொண்டுபோகும் பொறுப்பும் எனக்கே வந்தது. அய்யர் அஸ்தி வைத்த மண் முட்டியை வெள்ளைத் துணியால் கட்டித் தந்தார்.

"மட்டக்குளியில, களனி ஆறு கடலோட சேருற இடத்தில விடுங்கோ. விட்டிட்டுத் திரும்பிப் பாக்காம நடவுங்கோ."

அக்காவும் அண்ணனும் வீடியோ கோலில் இருந்தார்கள். முட்டியை விட்டேன், கும்பிட்டேன், கரையோரமாக நடந்தேன். போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்ததால், என் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவர்களுக்குத்தான் தெரிந்தது.

"தம்பி," என்றாள் அக்கா, "அப்பா உனக்குப் பின்னால வாறார்."

பாவம், அழுது களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். "எனக்கும் அப்பிடித்தான் அக்கா. வீட்டில அவர் நடமாடுற மாதிரியே கிடக்கு."

"விசரா! முட்டி வருதடா!" அண்ணன் கத்தினான்.

திரும்பிப் பார்க்கலாமா, கூடாதா? அய்யரைக் கேட்கலாமென்றால், இருந்த ஒரே போனில் இரண்டு நாடுகள் இருந்தன. நான் தீர்மானிப்பதற்குள் அப்பா என்னை முந்திவிட்டார்.

மழையில்லாத காலத்தில் ஆறு மெலிந்துவிடும், ஏறுகிற கடல் அதை உள்ளே தள்ளும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, அப்பா கடலை விட்டு ஊருக்குள், கிராண்ட்பாஸ் பக்கம் புறப்பட்டுவிட்டார் என்பதுதான். வாழ்நாளில் அங்கே அவருக்கு ஓர் அலுவலும் இருந்ததில்லை.

பாய்ந்தேன். ஆறு கொண்டுவந்து குவித்திருந்த சேறு முழங்கால்வரை இழுத்தது. ஒரு செருப்பு போயிற்று. பிறகு போனும் போயிற்று. முட்டியைக் கட்டிப்பிடித்தபடி கரையேறியபோது இரண்டு நாடுகளும் அடங்கிவிட்டன.

துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குள் போய் பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள்.

"தண்ணி எறங்கட்டும்ணே, அப்புறமா விடுங்க. ஒத்தையாவா வந்தீங்க?"

"ஓம்."

"இதுக்கெல்லாம் யாராச்சும் ஒத்தையா வருவாங்களா?"

டீ நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்தேன்.

அவள் போனபின் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. சாப்பிட்டாச்சோ, மருந்து எடுத்தாச்சோ, அவ்வளவுதான். அன்று நிறையச் சொன்னேன். ஒஃபிசில் எனக்கு ஒருவரையும் பிடிக்காது என்பதைக்கூடச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. (முன்பும் பேசமாட்டார்.)

வெயில் சாயும் நேரம், மிதந்துகொண்டிருந்த இலைகள் சற்று நின்று, பிறகு கடல் பக்கமாக நகரத் தொடங்கின. முட்டியை மறுபடி விட்டேன். இந்த முறை திரும்பி நடக்கவில்லை. அய்யர் மன்னிக்கட்டும், அது கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன்.

குடும்பத்தில் இன்றைக்கும் இதுதான் பகிடி. யாராவது விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று கதைத்தால், "அப்பாவின்ர முட்டி" என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் அக்காவின் மகன் கேட்டான்.

"மாமா, அம்மப்பா போகமாட்டன் எண்டு உங்களிட்டத் திரும்பி வந்தவராம். உண்மையோ?"

"ஓம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பிறகு?"

"பிறகு தண்ணி மாறிட்டுதடா," என்றேன்.