செப்பு வளையமும் மூன்றாம் மாடிப் பெட்டிகளும்

மூன்றாம் மாடியில் கூட்டம் மொய்த்தது. லிஃப்ட் வாசல் வரை வரிசை. பெட்டி வைத்தியர் வந்திருந்தார்.

பெட்டி என்றால் சுவிட்ச். அலுவலகத்துக் கணினிகள் ஒன்றோடொன்று பேச வழிவிடும், விளக்கு மினுக்கும் இரும்புப் பெட்டி. இணைய விலாசங்கள் பழைய குட்டை வகையிலிருந்து புதிய நீள வகைக்கு மாறிக்கொண்டிருந்தன. இந்தக் கிழட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் அது ஏறவில்லை.

"நீள விலாசம் தொண்டையில சிக்குது. அதான் நோய்" என்றார் வைத்தியர்.

மருந்து, பெட்டியின் தலையில் ஒரு செப்பு வளையம். எல்லோரும் கண்ணை மூட வேண்டும். அவர் ஏதோ முணுமுணுத்துப் பெட்டியை அணைப்பார், மறுபடி போடுவார். முதல் மாடிப் பெட்டி புது விலாசத்தைச் சுமந்தது. இரண்டாம் மாடியும் அப்படியே. பெட்டிக்கே குணமானால் மனிதருக்கு ஆகாதா? கணக்குப் பிரிவு அண்ணன் முதுகுவலிக்கு ஒரு வளையம் வாங்கினார். வரவேற்பறைப் பெண் மாமியாருக்கு ஒன்று வாங்கினாள். என்ன நோய் என்று சொல்லவில்லை.

இந்தப் பெட்டிகளைப் பராமரிப்பவரை ஊழியர்கள் நாங்கள் சுவிட்ச் அக்கா என்போம். வாரக்கணக்காக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அமைப்ப மாத்திட்டேன் சார். ஒரு தடவ அணைச்சுப் போட்டா போதும்." பழைய பெட்டிக்கு நினைவிடம் கொஞ்சம். அதில் நீள விலாசத்துக்கு இடம் ஒதுக்கச் சொன்னால், மறுபடி கண்விழிக்கும்போதுதான் ஒதுக்கும்.

மேலாளர் மறுத்துவிட்டார். ஒவ்வொரு பெட்டியிலும் அவர் கைப்பட எழுதி ஒட்டிய தாள்: 'அணைக்காதே'. பல வருடம் ஓடிய பெட்டி படுத்தால் எழாது என்பது அவருடைய மதம். அக்கா அணைத்தால் விபரீதம். வைத்தியர் அணைத்தால் வைத்தியம்.

"இந்த மாடியையும் அவர் முடிச்சுட்டார்னா, உங்களுக்கு இங்க வேலை இல்லம்மா. அடையாள அட்டைய குடுத்துட்டுக் கெளம்புங்க" என்றார் மேலாளர்.

அக்கா அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி சார். இந்த மாடியில இருக்கற ரெண்டு பெட்டியும் ஒரே வகை, ஒரே வயசு. வலதுக்கு வளையம் வைக்கட்டும், இடதுக்கு வேணாம். ரெண்டையும் அவரே அணைச்சுப் போடட்டும்."

வைத்தியர் பதறினார். "வளையம் இல்லாம அணைச்சா பெட்டி செத்துரும்."

"செத்தா போறது என் வேலை. உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

கூட்டத்துக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "அணைங்க சாமி, பாப்போம்" என்றார் கணக்கு அண்ணன். வேறு வழியில்லை. வைத்தியர் வலதில் வளையம் வைத்தார், இரண்டு பெட்டியின் விளக்குகளும் அணைந்தன. மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெட்டிகள் சாகவில்லை, சாவகாசமாக எழுந்தன.

அக்கா கணினியில் புது விலாசத்தைத் தட்டினார். மொட்டைத்தலையாக நின்ற இடது பெட்டி வழியே உடனே பதில் வந்தது. வளையம் சூடிய வலது பெட்டி கல்லாட்டம் கிடந்தது.

"நம்பிக்கை இல்லாத ஆள் யாரோ இங்க இருக்காங்க" என்றார் வைத்தியர்.

"அது நான்தான். இடது பெட்டிகிட்டயும் நான்தானே நின்னேன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா தொடர்ந்தார்: "போன வாரம் இந்த வைத்தியர் என் மேசையில டீ குடிச்சுக்கிட்டே 'எல்லாப் பெட்டியும் மாத்தியாச்சா'ன்னு கேட்டார். 'அணைச்சுப் போடறதுதான் பாக்கி'ன்னு நானும் உளறிட்டேன். மறுநாளே வளையத்தோட வந்துட்டார். அதான் இன்னைக்குக் காலையில வலது பெட்டியில மட்டும் அமைப்ப பழையபடி ஆக்கி வச்சேன்."

வளையத்தை எடுத்துக் கீழே வைத்தார். ஒரு வரி தட்டினார். அணைத்தார், போட்டார். வலது பெட்டியும் பேசியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது வைத்தியர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

"எனக்கு முதுகுவலி கொறஞ்ச மாதிரி இருந்துச்சே" என்றார் கணக்கு அண்ணன்.

"புது நாற்காலி குடுத்தாங்களேண்ணே" என்றார் அக்கா.

மேலாளர் அட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். 'அணைக்காதே' தாள்களைத் தானே கிழித்தார். திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தோம். பிறகு பவ்யமாகக் கேட்டார்: "ஏம்மா, இனிமே பெட்டிய எந்தக் கிழமையில அணைச்சா நல்லது?"

ஒரு போலியைத் துரத்தினால் அடுத்த போலிக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம். ஏன் என்று கேட்கக் கிழமை பார்க்க வேண்டியதில்லை. வாய் இருந்தால் போதும்.