மாப்பிள்ளை அனுப்பிய பழைய லேப்டாப்

திருவொற்றியூர்,
7.10.2006

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செங்குட்டுவன் அவர்களுக்கு, மாமனார் சின்னப்பையன் எழுதுவது. நானும் சொக்கம்மாளும் நலம். புனேயில் நீங்களும் மகிழினியும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள். நலமில்லாதது நீங்கள் அனுப்பிய பழைய லேப்டாப் ஒன்றுதான். மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது என்பது முறை. ஆகவே கடிதம் முழுக்க லேப்டாப்பைத்தான் திட்டுகிறேன், நீங்கள் உங்கள் மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேத்தியை மூன்று மாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனீர்கள். பதினைந்தாம் தேதி முதல் பிறந்தநாள். கேக் வெட்டுவதைத் திரையிலேயே பார்க்கலாம் என்றீர்கள். மாடி வீட்டு அருள்பிரகாசமும் தன் புது வைஃபை பெட்டியின் பாஸ்வேர்டைக் கொடுத்தார். ஆயுத பூஜையன்று லேப்டாப்பைத் துடைத்து, நாலு ஓரத்திலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, குங்குமம் வைத்து, சூடம் காட்டித் திறந்தால் ஒரு சிக்னலும் இல்லை! அருள்பிரகாசம் இறங்கி வந்தார். "சார், நம்ம வைஃபை பொட்டி புச்சு, ஜி எழுத்து மாடலு. உங்க மாப்ள குடுத்தது எந்தக் காலத்துதோ, உள்ள இன்னா கார்டு கீதுன்னு பாருங்க" என்று சிரித்தார். என் வீட்டு வாசலில் நின்று என் மாப்பிள்ளை கொடுத்த பொருளைப் பார்த்து ஒருவன் சிரித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

சந்தனம் உதிராமல் துண்டில் சுற்றி, வண்ணாரப்பேட்டை அத்தாவுல்லா கடைக்கு பஸ்ஸில் எடுத்துப் போனேன். ரிப்பேர்காரர் அவர், அடிமூடியைக் கழற்றிக் கார்டைக் காட்டினார். பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன். 802.11 என்று வைஃபை நம்பர், பக்கத்தில் பி. வெறும் பி! "இதுக்கு இன்னா பேஜாரு நைனா? ஜி பொட்டி பழசையும் சேத்துக்கும், வேகந்தான் கம்மி" என்றார் அத்தாவுல்லா. யாரிடம் சொல்கிறார்? துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கன்டெய்னர் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பார்த்த டாலி கிளார்க் நான். ஒரு எழுத்து மாறினாலும் கன்டெய்னர் நகராது, கேப்டனே வந்து கெஞ்சினாலும் நகராது. இங்கே பி, அங்கே ஜி, எப்படிச் சேரும்? "குடு நைனா, ஓட்டித்தான் பாக்கலாம்" என்றவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மனசே ஆறல மாப்ள. பேத்தி நடக்கிறாளாம், போனில் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது அந்த மூன்று மாத முகம்தான். காலாவதியான சரக்கை மாமனார் தலையில் கட்டலாமா என்று லேப்டாப்பைக் கேட்கிறேன், உங்களையில்லை. ஜி எழுத்துள்ளதாக ஒன்று உடனே அனுப்பவும்.

பேத்திக்கு ஆயிரம் முத்தம், சம்பந்தி அம்மாளுக்கு வணக்கம்.

தங்கள் மாமா,
சின்னப்பையன்

பி.கு.: இன்று ஞாயிறு. கவர் ஒட்டுவதற்குள், பூஜை முடிந்து ஒரு வாரம் ஆச்சே என்று சொக்கம்மாள் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். முன் ஓரத்தில் அதற்கு அடியில் வைஃபைக்கென்றே ஒரு குட்டி ஸ்விட்ச். அவள் தேய்த்த தேய்ப்பில் நகர்ந்து பச்சை விளக்கு எரிந்தது. பி, ஜி இரண்டும் சேர்ந்துவிட்டன. அன்று சந்தனத்தை அப்பும்போது ஸ்விட்சை அணைத்தது என் கட்டைவிரல்தான். உடனே திரையில் புனேக்குக் கூப்பிட்டோம். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள், மகிழினி பேத்தியைத் திரை முன்னால் நடக்க விட்டாள். அப்படியே உங்கள் மூக்கு. நான் அழுததாக மகிழினி சொன்னால் நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழிக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. ஆகவே மாப்பிள்ளை, கவரைப் பிரித்ததும் முதலில் இந்தப் பின்குறிப்பைப் படிக்கவும்.